‘ட’ வடிவ ஹாலில் ஹோம் தியேட்டர்: சோபாவுக்கு இடம் பார்த்த பிறகுதான் ஸ்பீக்கர்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை பக்கத்து கான்கிரீட் வீடுகளின் பிளான் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சிட்அவுட், அதைத் தாண்டினால் ஹால், ஹாலின் ஒரு பக்கம் சுவரே இல்லாமல் டைனிங்குக்குத் திறந்து கிடக்கும். ஓரத்தில் மாடிப்படி, அப்பால் அடுக்களை, ஒர்க் ஏரியா. மேலிருந்து பார்த்தால் ஹாலும் டைனிங்கும் சேர்ந்து ‘ட’ எழுத்து மாதிரி நிற்கும். ஸ்பீக்கர் பெட்டியோடு வரும் கையேட்டிலோ நாலு சுவரும் நேரான, கதவு ஜன்னல் இல்லாத ஒரு செவ்வக அறைதான் படமாகப் போட்டிருக்கும்.

அந்தப் படத்தை இந்த ஹாலில் அப்படியே கொண்டுவர முடியாது என்று தெரிந்ததும் பலரும் எதிர்த்திசைக்குப் போய்விடுகிறார்கள். ஆசாரி செய்துவைத்த டிவி யூனிட்டில் சென்டர் ஸ்பீக்கரைச் செருகுவது, எதிர்ச்சுவரோடு சோபாவை ஒட்டிப் போடுவது, மற்ற ஸ்பீக்கர்களை ஆணி கிடைத்த இடத்தில் மாட்டுவது. படம் ஓடினால் வசனம் புரியாது, வெடிச்சத்தம் வீட்டை உலுக்கும், ஒருவர் ரிமோட்டைக் கீழே வைக்காமல் ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பார். பழி ஸ்பீக்கர் மீது விழும். குறை பெரும்பாலும் அதில் இருக்காது.

அறை முழுவதும் சமச்சீராக இருக்க வேண்டிய அவசியமில்லை. திரைக்கும் உட்காருகிறவருக்கும் நடுவில் உள்ள பகுதி மட்டும் இடமும் வலமும் ஒத்திருந்தால் போதும். பின்னால் இருக்கிற கோணல்களைச் சமாளிக்க வழிகள் உண்டு. முன்பகுதியில் விழுகிற கோணலைப் பின்னால் எந்தக் கருவியும் முழுதாகச் சரிசெய்யாது. ஆகவே வேலையை ஸ்பீக்கரிலிருந்து தொடங்காமல் உட்காரும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

எந்தச் சுவரில் திரை

ஓர் அளவை எடுத்துக்கொள்வோம். ஹால் 12 அடி அகலம், 18 அடி நீளம், கூரை 10 அடி உயரம். இடப்பக்கச் சுவர் முழுதாக இருக்கிறது. வலப்பக்கச் சுவர் 8 அடி வரை வந்து நின்றுவிடுகிறது. மீதி 10 அடி டைனிங்குக்குத் திறப்பு. டைனிங் 10க்கு 10.

சாதாரணமாக 12 அடி அகலத்தின் குறுக்கேதான் டிவியும் சோபாவும் எதிரெதிரே இருக்கும். சோபா சுவரோடு ஒட்டிப் போகிறது, காது சுவரிலிருந்து ஓரடிகூட இல்லை. பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி எல்லாம் அந்தச் சுவரோரம் குவிந்து குடைகிறது. திரையை 12 அடிச் சுவருக்கு மாற்றுங்கள். 12 அடிச் சுவர்கள் இரண்டு உண்டு. வலப்பக்கம் அந்த 8 அடிச் சுவர் எந்த முனையில் இருக்கிறதோ அந்த முனைதான் திரைக்கு. திறப்பு பின்னால் போய்விட வேண்டும்.

இதன் பலனைக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். முன் ஸ்பீக்கர்களின் முகம் திரைச்சுவரிலிருந்து ஓரடி முன்னால், இரண்டுக்கும் இடையே 8 அடி, பக்கச் சுவர்களிலிருந்து தலா 2 அடி. உட்காருபவரின் காது திரைச்சுவரிலிருந்து 11 அடியில், அகலத்தின் நடுவில். வலது ஸ்பீக்கரின் ஒலி வலச்சுவரில் பட்டுக் காதுக்கு வரும் இடம் திரைச்சுவரிலிருந்து மூன்றரை அடியில் விழுகிறது. இடது ஸ்பீக்கரின் ஒலி அதே வலச்சுவரில் படும் இடம் ஏழேகால் அடி. இரண்டுமே 8 அடிக்குள் அடங்கிவிட்டன. பக்கச் சுவர்களில் முதலில் எதிரொலிக்கிற நான்கு இடங்களும் இடமும் வலமும் ஒன்றாக அமைந்தாயிற்று. டைனிங் திறப்பு பின்னால் இருப்பது முன் ஸ்பீக்கர்களுக்குத் தெரியவே தெரியாது.

இன்னொரு முனையில் திரையை வைத்தால் திறப்பு இருக்கும் பக்கத்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் சுவரே இருக்காது. ஒரு பக்கம் எதிரொலி, மறுபக்கம் வெறும் வெளி. நடுவில் நிற்க வேண்டிய குரல் சுவர் இருக்கும் பக்கம் சாயும், திறந்த பக்க இசை மெலிந்து கேட்கும். வாசல் கதவு குறுக்கே வந்து வேறு வழியே இல்லை என்றால் பலரும் திறந்த பக்கத்தில் கனத்த திரைச்சீலை போடுகிறார்கள். போட வேண்டியது மூடியிருக்கிற பக்கத்தில். திறப்பு என்பது போன ஒலி திரும்பி வராத இடம். எதிரில் உள்ள சுவரும் அதேபோல ஒலியை விழுங்கினால்தான் இரண்டு பக்கமும் ஒக்கும். ஆகவே அந்த முழுச்சுவரில் ஒலியை விழுங்கும் 4 அங்குல கனப் பேனல். திறந்த பக்கத்தில் ஒன்றும் வேண்டாம்.

எதிரொலிக்கும் இடத்தைக் கணக்குப் போடாமலும் கண்டுபிடிக்கலாம். ஒருவர் சோபாவில் உட்கார, இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி, காது உயரத்தில் மெல்ல நகர்த்த வேண்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடத்தில் பென்சிலால் குறி போடுங்கள். கூரைக்கும் இதையே செய்யலாம், கண்ணாடியைக் கம்பில் கட்ட வேண்டும்.

கோணம், உயரம், திரை அளவு

இடது, வலது ஸ்பீக்கர்கள் நடுக்கோட்டிலிருந்து 22 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது டால்பி நிறுவனம் தரும் அளவு. நம் ஹாலில் 30 டிகிரி வேண்டுமென்றால் இடைவெளி பதினொன்றரை அடியாகிவிடும். ஸ்பீக்கர் சுவருக்குள் போய்விடும். 8 அடி வைத்தால் 22 டிகிரி கிடைக்கிறது. அதுவே போதும். இரண்டையும் உள்நோக்கித் திருப்பி, அவை நோக்கும் கோடுகள் நடு இருக்கைக்கு ஓரடி முன்னால் வெட்டிக்கொள்ளும்படி வையுங்கள். ஓரத்தில் உட்காருகிறவருக்கு அருகிலுள்ள ஸ்பீக்கர் சற்று விலகிப் பேசும், எதிர்ப்பக்க ஸ்பீக்கர் நேராகப் பேசும். அவருக்கும் ஒலி ஒரு பக்கமாகச் சாயாது.

ட்வீட்டர் (உச்ச ஒலியைத் தரும் சின்ன வட்டம்) காது உயரத்தில், அதாவது தரையிலிருந்து 36 முதல் 40 அங்குலத்தில் இருக்க வேண்டும். திரையின் அளவுக்கு ஒரு எளிய கணக்கு: உட்காரும் தூரத்தை அங்குலமாக்கி 1.6ஆல் வகுத்தால் குறைந்தபட்ச மூலைவிட்டம், 1.2ஆல் வகுத்தால் தாராளமான அளவு. 11 அடி என்பது 132 அங்குலம். ஆக 82 முதல் 110 வரை. 85 அங்குல டிவி இங்கே பொருந்தும், புரொஜெக்டர் என்றால் 100, 110. கடைக்காரர் சொல்லும் 55 இந்தத் தூரத்துக்குச் சிறியது.

சென்டர் ஸ்பீக்கருக்கு மட்டும் சற்று நின்று பேச வேண்டும். படத்தின் வசனம் அநேகமாக முழுவதும் அதிலிருந்துதான் வருகிறது. அதைத்தான் நம் வீடுகளில் டிவி யூனிட்டின் பொந்துக்குள் அரையடி உள்ளே தள்ளிவைக்கிறோம். மேல் பலகை, கீழ்ப் பலகை, பக்கப் பலகை என்று மூன்றிலும் பட்டு வரும் ஒலி ஆண் குரலைப் பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆக்கிவிடும். ஸ்பீக்கரின் முகம் பலகை விளிம்புக்கு நேராகவோ ஒரு விரல் அளவு வெளியிலோ நிற்க வேண்டும். சுற்றியுள்ள இடைவெளியில் பஞ்சு அல்லது ஃபோம் அடையுங்கள். பின்பக்கம் போர்ட் (காற்று போகும் துளை) இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள். தட்டு தரையிலிருந்து 2 அடியில் இருந்தால் முன்பக்க அடியில் ரப்பர் முட்டு கொடுத்து, முகம் காதை நோக்கும்படி சாயுங்கள். சாய்வு சரியா என்று பார்க்க, டார்ச்சை ஸ்பீக்கர் மேல்பரப்பில் படுக்கவைத்து அடியுங்கள். வெளிச்சம் சோபாவில் தலை வரும் இடத்தில் விழ வேண்டும்.

படுக்கைவாட்டு சென்டரில் தாழ்ந்த ஒலி தரும் இரண்டு வூஃபருக்கு நடுவே ட்வீட்டர் இருக்கும். நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் போகப்போக இரண்டு வூஃபரின் ஒலியும் ஒன்றையொன்று அழிக்கத் தொடங்கும். ஓரத்தில் தனியாகக் கிடக்கும் ஒற்றை நாற்காலியில் வசனம் மங்குவது இதனால்தான். வீட்டில் பெரியவர்கள் உட்காருவது பெரும்பாலும் அந்த நாற்காலியில் என்றால் அதைச் சோபாவோடு சேர்த்துப் போடுங்கள்.

சுவர் இல்லாத பக்கத்தில் சரவுண்ட்

5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) அமைப்பில் சரவுண்ட் ஸ்பீக்கர்கள் 110 முதல் 120 டிகிரியில், அதாவது காதுக்குச் சற்றுப் பின்னால் பக்கவாட்டில் வர வேண்டும். நம் ஹாலில் சுவர் காதிலிருந்து 6 அடி. ஆக 110 டிகிரி என்றால் சோபாவில் காது இருக்கும் கோட்டிலிருந்து இரண்டேகால் அடி பின்னால். காதுக்கு மேல் ஓரடி முதல் இரண்டடி உயரம். இடப்பக்கம் சுவர் இருக்கிறது, மாட்டிவிடலாம். வலப்பக்கம் அந்த இடத்தில் இருப்பது டைனிங்குக்குப் போகும் வழி.

அந்தத் திறப்பின் மேல் பெரும்பாலும் ஒரு பீம் ஓடும். அதிலிருந்து பைப் தொங்கவிட்டு ஸ்பீக்கர் மாட்டினால் சாப்பாட்டுத் தட்டோடு வருகிறவரின் நெற்றியில் இடிக்கும். இரண்டு வழிகள் நடைமுறைக்கு ஒத்துவரும். ஒன்று, பீமின் பக்கத்தில் பிராக்கெட் அடித்து, ஸ்பீக்கரைக் கீழ்நோக்கிச் சோபாவைப் பார்க்கச் சாய்ப்பது. இடப்பக்கமும் அதே உயரத்தில் மாட்ட வேண்டும், இங்கே ஐந்தடி அங்கே எட்டடி என்று கூடாது. மற்றொன்று, இரண்டையும் சோபாவுக்குப் பின்னால் ஸ்டாண்டில் நிறுத்துவது. தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மோஸ் வைக்கும் எண்ணமிருந்தால் ஸ்டாண்ட்தான் நல்லது. பீமில் மாட்டிய சரவுண்டுக்கும் கூரை ஸ்பீக்கருக்கும் உயர வித்தியாசம் இல்லாமல் போய்விடும். காதிலிருந்து வலது சரவுண்ட் 4 அடி தூரத்திலும் இடது 6 அடி தூரத்திலும் இருந்தால் கவலைப்பட வேண்டாம். தூரத்தையும் லெவலையும் ரிசீவரில் (எல்லா ஸ்பீக்கர்களையும் இயக்கும் ஆம்ப் பெட்டி) கொடுத்தால் அது சரிக்கட்டிவிடும். உயரத்தையும் கோணத்தையும் அது சரிக்கட்டாது.

அட்மோஸ் கூரை ஸ்பீக்கரில் நம் வீடுகளுக்கே உரிய இடைஞ்சல் சீலிங் ஃபேன். ஸ்பீக்கருக்கும் காதுக்கும் நடுவே இறக்கை சுற்றினால் ஒலி வெட்டி வெட்டி வரும். ஃபேனைச் சுவர் ஃபேனாக மாற்றலாம், அல்லது இறக்கை வட்டத்துக்கு வெளியே ஸ்பீக்கர் வரும்படி இடம் பார்க்கலாம். கான்கிரீட் தளத்தைக் குடைந்து ஸ்பீக்கர் பதிக்க யாரையும் விடாதீர்கள். கம்பி வெளியே தெரிந்தால் மழைக்காலத்தில் துருப்பிடித்துத் தளமே பெயரும். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் இருந்தால் பதிக்கலாம், இல்லையென்றால் ஆங்கர் போல்ட்டில் பிராக்கெட். கீழிருந்து கூரையில் பட்டு வரும் வகை ஸ்பீக்கருக்குச் சமதளமான கெட்டிக் கூரை வேண்டும், உயரம் ஏழரை முதல் 12 அடி. மரச்சட்டம் ஓடும் பழைய மச்சிலும் சாய்ந்த கூரையிலும் அது பயன்படாது.

பேஸ்தான் பெரிய வேலை

மற்றதெல்லாம் அங்குலக் கணக்கு. பேஸ், வீட்டின் முழு அளவையும் கணக்கில் கேட்கும். ஹால் 2160 கனஅடி, டைனிங் 1000, மாடிப்படி வழியாக மேல் ஹாலையும் சேர்த்தால் 5000ஐத் தொடும். பேஸுக்கென்றே உள்ள சப்வூஃபர் (சுருக்கமாக சப்) இவ்வளவு காற்றையும் அசைக்க வேண்டும். 12க்கு 18 ஹாலுக்கு என்று சொல்லி விற்கும் 8 அங்குல சப் இங்கே மூச்சுத் திணறும். டைனிங் திறப்பில் போடும் சீலை பேஸைத் தடுக்காது. சப்பைப் பொறுத்தவரை அது துணி கட்டிய திறப்பு. 12 அங்குல சப் ஒன்று, கையில் பணம் இருந்தால் அதே மாடலில் இரண்டு. ஒரு பெரிய சப்பைவிட இரண்டு நடுத்தர சப்புகளையே நான் தேர்ந்தெடுப்பேன். காரணம் சத்தமல்ல, சீர்.

ஒவ்வொரு அறைக்கும் அதன் நீள அகலத்தைப் பொறுத்துச் சில அதிர்வெண்கள் தேங்கும். சுமார் 570ஐ அடிக்கணக்கால் வகுத்தால் முதல் தேக்கம் வரும்: 18 அடிக்கு 32 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 47, 10 அடிக் கூரைக்கு 57. அந்த அதிர்வெண் சுவரோரம் பொங்கி நடுவில் வற்றும். அகலத்தின் சரிநடுவில் உட்கார்ந்தால் 47 ஹெர்ட்ஸ் கேட்காமலே போகலாம். இடச்சுவர் ஓரம் ஒன்று, நேர் எதிரே அந்த 8 அடி வலச்சுவர் ஓரம் ஒன்று என இரண்டு சப்பை வைத்தால், இரண்டும் சேர்ந்து அகலவாட்டுத் தேக்கத்தை எழும்பவே விடாது. சிக்கலின் வேரில் கைவைப்பது இதுதான். 10க்கு 10 அறையில் 10 அடிக் கூரை இருந்தால் மூன்று திசையிலும் 57 ஹெர்ட்ஸே தேங்கும். அந்த அறை எவ்வளவு ஒதுக்குப்புறமாக இருந்தாலும் தியேட்டருக்கு எடுக்காதீர்கள்.

‘ட’ வடிவத்தில் டைனிங் பகுதியும் சேர்ந்துகொள்வதால் இந்தக் கணக்கு ஓரளவுக்குத்தான் பொருந்தும். ஆகவே சப்புக்கு இடம் தேட ஒரு நேரடி வழி உண்டு. சப்பைத் தூக்கிச் சோபாவில் நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். 20 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை ஏறும் டெஸ்ட் டோனை மிதமான சத்தத்தில் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். சப் வைக்கச் சாத்தியமுள்ள ஒவ்வொரு இடத்திலும் தரையோடு தலையைத் தாழ்த்திக் கேளுங்கள். ஒரு மூலையில் ஒரே சுரம் மட்டும் குமுறும், ஒரு இடத்தில் பாதி தூரம் ஒன்றுமே கேட்காது, எங்கோ ஓரிடத்தில் கீழிருந்து மேல்வரை ஒரே கனத்தில் ஏறிப் போகும். அந்த இடத்தில் சப்பை வையுங்கள். மூலம், காது இரண்டும் இடம் மாறினாலும் இடையில் ஒலி மாறாது என்பதால் இது வேலை செய்கிறது. ‘ட’வின் உள்முனையில், அதாவது வலச்சுவர் முடிந்து டைனிங் தொடங்கும் அந்த நீட்டிய மூலையில், சப் பெரும்பாலும் சோர்ந்து ஒலிக்கும்.

இடம் முடிவானதும் 80 ஹெர்ட்ஸ் டோனை முன் ஸ்பீக்கரும் சப்பும் சேர்ந்து ஒலிக்கும்படி ஓட்டி, சப்பின் பின்னால் உள்ள ஃபேஸ் சுவிட்சை 0, 180 என மாற்றிப் பாருங்கள். சோபாவில் எது கனமாகக் கேட்கிறதோ அதுவே சரி. இரண்டும் ஒன்றாகவே தோன்றினால் ரிசீவரில் சப்பின் தூரத்தை அரையடி அரையடியாக மாற்றிக் கனம் கூடும் இடத்தைப் பிடியுங்கள்.

முன் ஸ்பீக்கர்களுக்கும் ஒரு பேஸ் சங்கதி உண்டு. அவற்றின் பின்னால் உள்ள திரைச்சுவரிலிருந்து 3 அடி தள்ளிவைத்தால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 95 ஹெர்ட்ஸ் அருகே நேர் ஒலியை அழிக்கும். குரலின் அடிக்கனம் போய்விடும். ஓரடியில் வைத்தால் அந்தப் பள்ளம் 285 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அங்கே 4 அங்குலப் பேனலே அதை அடக்கிவிடும். இசைக்காகத் தள்ளிவை என்று சொல்லும் பழைய அறிவுரை பெரிய அறைக்குச் சரி. இந்த ஹாலுக்கு ஒட்டிவைத்துப் பின்னால் பேனல் போடுவதே சரி.

பேனல், துணி, ஈரம்

முட்டை அட்டையும் தெர்மகோலும் வேண்டாம். முதலாவது மெல்லியது, இரண்டாவதில் காற்று நுழையவே வழியில்லை. ஒலியை விழுங்குவதற்குப் பொருளுக்குள் காற்று உரசிப் போக வேண்டும். 48 கிலோ அடர்த்தி ராக்வூல், 2 அங்குலம் இரண்டு அடுக்கு, 2க்கு 4 அடிச் சட்டம். மேலே காடாத்துணி, வாயை வைத்து ஊதினால் மறுபக்கம் காற்று வர வேண்டும், வராத துணி உதவாது. ராக்வூல் அறுக்கும்போது கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள். இங்கே எளிதாகக் கிடைக்கிற ரப்பர் பூசிய கயர் மெத்தைத் துண்டையும் சட்டத்துக்குள் வைக்கலாம். காற்று நன்றாகவே நுழையும். ஆனால் நார் இடைவெளி பெரிது என்பதால் ராக்வூலைவிடக் கூடுதல் கனம் வேண்டும். வாசலில் போடும் கயர் மிதியடியைச் சுவரில் ஆணி அடிப்பதால் ட்வீட்டர் ஒலி மட்டும் மங்கும்.

சட்டத்துக்குத் தோட்டத்தில் வெட்டிய ரப்பர் மரத்தை அப்படியே எடுத்தால் வண்டு துளைத்து மாவாக்கிவிடும். மருந்து ஏற்றிப் பதப்படுத்திய ரப்பர் பலகையோ ஆஞ்சிலி மரமோ எடுங்கள்.

இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. இடவப்பாதியில், அதாவது ஜூன் தொடக்கத்தில் தொடங்கும் மழை சாரலாகச் சுவரை மாதக்கணக்கில் நனைக்கும். வெளிச்சுவரில் பேனலை ஒட்டி அடித்தால் பின்னால் பூஞ்சை பிடித்து ஹாலே நாறும். 2 அங்குல மரக்கட்டை கொடுத்துத் தள்ளி மாட்டுங்கள். காற்று ஓடும், அதோடு பேனல் இன்னும் தாழ்ந்த அதிர்வெண்ணையும் பிடிக்கும்.

பழைய ஸ்பீக்கர் வாங்குவோர் கோனின் விளிம்பை விரலால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். ஃபோம் விளிம்பு ஈரத்தில் சில ஆண்டுகளில் பொடிந்துவிடும், ரப்பர் விளிம்பு தாங்கும்.

மொட்டை மாடி ட்ரஸ் அறை

கசிவைத் தடுக்க மொட்டை மாடியில் இரும்பு ட்ரஸ் போட்டு ஷீட் வேய்வது இங்கே வழக்கம். சுற்றிச் சுவர் எழுப்பி அதைத் தியேட்டராக்கும் ஆசையும் வரும். கூரை இருபுறமும் சரியும் அறையில் முகட்டுக்கோடு திரையிலிருந்து சோபா நோக்கி ஓட வேண்டும். திரை முக்கோணச் சுவரில். அப்போது இடவலம் ஒத்துவரும். ஒரே பக்கச் சரிவென்றால் தாழ்ந்த பக்கத்தில் திரையும் ஸ்பீக்கரும், உயர்ந்த பக்கத்தில் இருக்கையும். சரிவு இடமிருந்து வலமாகப் போகும்படி மட்டும் உட்காராதீர்கள்.

வெறும் ஷீட்டுக்குக் கீழே மழையில் ஒரு வசனமும் கேட்காது. ஷீட்டின் கீழ் ராக்வூல், அதன் கீழ் இடைவெளி விட்டு இரண்டடுக்கு ஜிப்சம் போர்டு என்று செய்தால்தான் அறை என்று சொல்ல முடியும். செலவைக் கேட்டுப் பின்வாங்குகிறவர்கள் கீழ் ஹாலிலேயே செய்துகொள்வது மேல்.

வயர், மின்சாரம், அதிர்வு

ஸ்பீக்கர் வயரின் முனையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் தாமிரம் பூசிய அலுமினியம். 1.5 சதுர மி.மீ. நல்ல தாமிரம் 10 மீட்டர் ஓடினால் போக வரச் சுமார் 0.24 ஓம்; 8 ஓம் ஸ்பீக்கருக்குப் பரவாயில்லை. 4 ஓம் என்றாலோ வயர் அதைவிட நீண்டாலோ 2.5 சதுர மி.மீ. போடுங்கள். இதற்கு மேல் விலை கொடுத்து வயர் வாங்கத் தேவையில்லை. புதிதாகச் சுவர் வெட்டும்போது ஸ்பீக்கர் வயருக்கு 25 மி.மீ. பைப் போதும். எச்டிஎம்ஐக்கு அது போதாது. பிளக்கே 2 செ.மீ. அகலம், வளைவில் சிக்கிக்கொள்ளும். 40 மி.மீ. போட்டு, இழுக்க ஒரு நைலான் கயிற்றையும் உள்ளே விட்டுவையுங்கள். புரொஜெக்டருக்கு ஃபைபர் எச்டிஎம்ஐ இழுத்தால் எந்த முனை ரிசீவருக்கு, எந்த முனை திரைக்கு என்று பார்த்து இழுங்கள். திருப்பி மாட்டினால் படம் வராது. கரண்ட் வயர் பைப்பிலிருந்து ஓரடி விலகட்டும்.

சப்பில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் முதலில் கேபிள் டிவி அல்லது டிஷ் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அதன் வழிதான் எர்த் சுற்றுகிறது. எல்லாக் கருவிகளையும் ஒரே சாக்கெட் வரிசைக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் தீரும். எர்த் பின்னை உடைத்துப் போடுகிற வைத்தியம் உயிருக்கு ஆபத்து. இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி மின்னல் மலையோரத்தில் கடுமையாக இருக்கும். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். டிஷ் ஒயரையும், வெளியிலிருந்து செம்புக் கம்பியாக வரும் இன்டர்நெட் ஒயரையும் சேர்த்து. அந்த ஒயர் வழியாக வந்து ரிசீவரின் எச்டிஎம்ஐ போர்டை எரித்துவிட்டுப் போவது இங்கே சாதாரணம். சர்ஜ் புரொடெக்டர், எர்த் நன்றாக இருக்கும் வீட்டில்தான் வேலை செய்யும்.

எல்லாம் மாட்டியபின் 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் டோனை ஓட்டி ஹாலைச் சுற்றி நடங்கள். ஷோகேஸின் தள்ளுக் கண்ணாடி எங்காவது ஒரு அதிர்வெண்ணில் கிறுகிறுக்கும். கை வைத்தால் நிற்கும், எடுத்தால் தொடரும். கண்ணாடி ஓடும் காடியில் மெல்லிய ஃபெல்ட் பட்டை ஒட்டுங்கள். உள்ளே அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்களுக்கு நடுவே துணி. ஜன்னல் கொக்கி, ஃபேன் கிண்ணம், டியூப்லைட் பட்டி என்று ஒவ்வொன்றாகப் பிடிபடும். இந்த அதிர்வுகளைத்தான் ஸ்பீக்கர் உடைந்துவிட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிப் போகிறார்கள்.

ரிசீவரில் செய்ய வேண்டியது

ரிசீவர் ஒரு மைக்கை வைத்துத் தானே அறையை அளக்கும் தானியங்கி அளவீட்டை இதற்குப் பிறகு, ஃபேன்களை நிறுத்தி, அடுக்களை மிக்ஸி ஓடாத நேரத்தில் ஓட்டுங்கள். மைக்கைச் சோபா முதுகில் வைக்காமல் டிரைபாடில் காது உயரத்தில் நிறுத்துங்கள். முதல் அளவு நடு இருக்கையில், மற்றவை அதைச் சுற்றி ஒன்றிரண்டு அடிக்குள். டைனிங் மேசையிலும் ஒரு அளவு எடுத்தால் எல்லாருக்கும் நன்றாக வரும் என்று நினைக்காதீர்கள். அந்த ஒரு அளவு மற்ற எல்லாவற்றையும் கெடுக்கும்.

முடிந்ததும் சில இடங்களைப் பாருங்கள். ஸ்பீக்கர்களை ‘லார்ஜ்’ என்று போட்டிருந்தால் ‘ஸ்மால்’ ஆக்கி கிராஸ்ஓவரை (எதற்குக் கீழே உள்ள ஒலி சப்புக்குப் போகும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸ் வையுங்கள். கையளவு சாட்டிலைட் ஸ்பீக்கர் என்றால் 120 முதல் 150. சப்பின் பின்னால் உள்ள கிராஸ்ஓவர் திருகை உச்சத்தில் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு முறை வடிகட்டும். சப்பின் தூரம் டேப்பில் அளந்ததைவிட அதிகமாகக் காட்டினால் மாற்ற வேண்டாம். சப்பின் உள்மின்னணு எடுக்கும் தாமதத்தையும் சேர்த்துத்தான் அது சொல்கிறது. சப்பின் லெவல் மைனஸ் 12 போன்ற எல்லையில் முட்டி நின்றால், சப்பில் உள்ள வால்யூமைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள்.

நேரம் இருப்பவர்கள் யூமிக்-1 போன்ற அளவீட்டு மைக்கையும் இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விஸார்ட் மென்பொருளையும் வைத்து வளைகோட்டை வரைந்து பார்க்கலாம். மேட்டைக் குறைக்க ஈக்வலைசர் உதவும். பள்ளத்தை அதைக்கொண்டு நிரப்பப் பார்க்காதீர்கள். 10 டெசிபெல் ஏற்ற ஆம்ப் பத்து மடங்கு பவர் தர வேண்டும். தந்தாலும் அந்த ஒலி அதே இடத்தில் அதேபோல அழியும். பள்ளம் இருந்தால் சப்பையோ சோபாவையோ ஓரடி நகர்த்தி மறுபடி அளப்பதுதான் வழி. சோபாவை நகர்த்தினாலும், மெல்லிய சீலையைக் கனத்ததாக மாற்றினாலும், தரையில் புதிதாகக் கனமான கம்பளம் விரித்தாலும் தானியங்கி அளவீட்டை முதலிலிருந்து ஓட்ட வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் ஸ்பீக்கர் டெர்மினல்களைக் கழற்றிப் பாருங்கள்; தாமிரம் பச்சை படிந்திருந்தால் அந்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாக உரித்து முறுக்கி மாட்டுங்கள்.